ஜமீன்தாரின் விரதம்

பச்சைப் பட்டாணி வேகும் வாசனையில் நீ நினைவுக்கு வருவாய் என்று நான் எதிர்பார்க்கவில்லை. உன் தகுதிக்கு மல்லிகை, சந்தனம் என்று ஏதாவது அமைந்திருக்கலாம். இன்று காலை அடுப்பில் பட்டாணி கொதித்தது. நீ வந்து நின்றாய். அது ஆறட்டும். தோலை உரித்து அடுத்த வீட்டுக்கு, அதாவது உன் வீட்டுக்கு, எடுத்துப் போகும்முன் இதை எழுதிவிடுகிறேன்.

உன் தங்கமீனுக்கு ஜமீன்தார் என்று பெயர் வைத்தவன் நீ. "வேலை கெடையாது, வயிறு மட்டும் உண்டு. வேற என்ன பேரு வைக்க?" என்றாய். தென்காசியில் வீடு இருப்பவனுக்குச் சாரல் காலத்தில் உறவினர் குறைவதில்லை. குற்றாலத்தில் குளித்துவிட்டுப் பசியோடு வருகிறவர்கள், தாங்கள் தின்பதில் ஒரு பங்கை அதற்கும் போடுவார்கள். முறுக்கு, மிக்சர், நேந்திரம் சிப்ஸ், ஒருமுறை அல்வா. ஜமீன்தார் எதையும் மறுத்ததில்லை. ஆடி முடிவதற்குள் வயிறு ஊதி, ஒருபக்கமாய்ச் சாய்ந்து மிதக்கும். நீ பட்டினி போட்டு, பிறகு பட்டாணி கொடுத்துத் தேற்றுவாய். "விருந்தாளிகிட்ட வேண்டாம்னு சொல்லக் கூடாதுலே. மீனுக்கு வைத்தியம் பாத்துக்கிடலாம்" என்பாய். டாக்டர் உன் வயிற்றுக்கும் இதே பட்டினியைத்தான் சொன்னார். நீ அதை மீனுக்கு மட்டும் கடைப்பிடித்தாய்.

போன ஆண்டு நீ போனது சாரல் தொடங்கிய நேரம். துக்கம் விசாரிக்க வந்தவர்கள் துண்டும் எண்ணெய்க் குப்பியும் மறக்காமல் கொண்டுவந்தார்கள். அழுதுவிட்டு அருவிக்குப் போனார்கள். குளித்துவிட்டு வந்து மறுபடி அழுதார்கள். இரண்டிலும் குறை வைக்கவில்லை. ஜமீன்தார் எலுமிச்சம்பழம்போல் உருண்டு, தலைகீழாகத் தொங்கினார். உன் புளியங்குடிச் சித்தி பார்த்துவிட்டு மார்பில் அடித்துக்கொண்டார்.

"என் மவன நெனச்சு ஏங்கி ஏங்கியில்லா வீங்கிட்டு!"

"மலச்சிக்கல், சித்தி" என்றேன்.

"எய்யா, ஒனக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா? வாயில்லாச் சீவன் துட்டி காக்குது. சிக்கலாம்லா!"

துக்கம் மரியாதைக்குரிய நோய். மலச்சிக்கலுக்கு அந்தத் தகுதி இல்லை. ஆறுதலாக ஆளுக்கொரு பிடி பொரி போட்டார்கள்.

உன் மனைவி செண்பகம் என்னை அடுக்களைக்குக் கூப்பிட்டாள். "அண்ணாச்சி, அவுக வளத்ததுல இது ஒண்ணுதான் இன்னும் மூச்சு விடுது. இதையும் தூக்கிப் போட வச்சிராதிய."

மீனின் செதில்கள் இன்னும் உடம்போடு படிந்தே இருந்தன. அவை சிலிர்த்து நின்றால்தான் கைவிட வேண்டும் என்பாய். எனவே நேரம் இருந்தது; விருந்தாளிகளைத் தடுக்கத்தான் வழி இல்லை. வாளித் தண்ணீரில் கொஞ்சம் பேதி உப்பைக் கரைத்து மீனை விட்டேன். உன் ஆலங்குளத்து மாமா எட்டிப் பார்த்தார்.

"என்னடே, அதுக்கும் குளியலா?"

முகத்தை மாற்றாமல் சொன்னேன். "ஆமா மாமா. குளிச்சிட்டு விரதம் இருக்கப் போகுது. அவனுக்காவ."

சித்தி கையிலிருந்த மிக்சரைத் தட்டில் போட்டுவிட்டுக் கும்பிட்டார். "நான் அப்பவே சொன்னம்லா!" பிறகு தொட்டியருகே நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பொரியோடு வந்த மாமாவிடம், "எட்டப் போவும்! விரதத்தக் கெடுத்த பாவம் ஒமக்கு எதுக்கு?" என்றார். மாமா பொரியைத் தானே தின்றார்.

சில நாள் கழித்து, நசுக்கிய பட்டாணியில் ஒரு துணுக்கைக் கொடுத்தேன். மறுநாள் காலை ஜமீன்தாரிடமிருந்து நீளமாக ஒன்று இறங்கியது. விவரிக்க மாட்டேன். நீ இருந்தால் கைதட்டியிருப்பாய். உனக்கும் சேர்த்து நான் தட்டினேன். மதியத்துக்குள் அவர் நிமிர்ந்து, கண்ணாடியருகே வந்து, அடுத்த வேளைக்கு வாயைத் திறந்தார்.

"விரதம் பலிச்சிட்டு!" என்று சித்தி கண்ணைத் துடைத்தார். உன் பட்டாணி வைத்தியத்தை ஆண்டுதோறும் பார்த்த செண்பகம், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குள் ஓடினாள். நீ போன பிறகு அவள் சிரித்து அன்றுதான் கேட்டேன்.

இந்தச் சாரலுக்கும் எல்லோரும் வந்தார்கள். ஒருவரும் ஒரு பருக்கை போடவில்லை. வாசுதேவநல்லூரிலிருந்து வந்தவர்களிடம் சித்தியே கிசுகிசுத்தார்: "சாரலுக்குச் சாரல் விரதமாக்கும். வீட்டு ஆளுக கையால தவிர தொடாது." அவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியைப் பார்த்தார்கள். உன் காலத்தில் ஒரு சாரலைக்கூட ஜமீன்தார் வயிறு ஊதாமல் கடந்ததில்லை. இந்த ஆண்டு கடந்துவிட்டார்.

இந்த யோசனை முன்பே வந்திருந்தால் உன்னையும் ஒரு விரதத்தில் உட்காரவைத்து, சித்தியைக் காவலுக்குப் போட்டிருப்பேன். வரவில்லை. ஆனால் நீ சொன்னதை மீறவில்லை: இன்றுவரை ஒரு விருந்தாளியிடமும் நான் வேண்டாம் என்று சொன்னதில்லை.

பட்டாணி ஆறிவிட்டது. இன்றைக்கு அது மருந்தில்லை, வெறும் சாப்பாடு. ஜமீன்தார் வாயைத் திறந்து வைத்திருப்பார்.