நீ வரைந்த போர்டு

அன்புள்ள பாப்புவுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான், அப்பா, மாடியில் அத்தை, மூன்று பேரும் சுகமாக இருக்கிறோம். நீயும் சுகம் என்றுதான் போனில் சொன்னாய், ஆனால் மூக்கை உறிஞ்சிக்கொண்டே சொன்னாய், அதனால் பாதிதான் நம்பியிருக்கிறேன். வாரம் தவறாமல் போனில் பேசுகிறவளுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். நீதானே கேட்டாய், நம் கண்ணாடிக் கடைப் பெயர் அச்சடித்த தாளில், நீ வரைந்த போர்டு எங்களுக்கு முழுத் திருப்தி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பு, கடைசித் தேர்வில் போர்டின் படத்துக்குப் பக்கத்தில் ஒட்ட வேண்டும் என்று. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன், வந்தது இது. போனில் சொல்லலாம் என்றால் எனக்கு வராது, உன் குரலைக் கேட்டதும் என் வாய் தானாக ஆமாம் போட ஆரம்பித்துவிடும்.

வீட்டுச் செய்தி பெரிதாக ஒன்றுமில்லை. குளியலறைக் குழாய் ஒழுகிக்கொண்டிருந்தது அல்லவா, சரிசெய்ய வந்தவர் ஒழுகலை நிறுத்தினார், கூடவே தண்ணீரையும் நிறுத்திவிட்டுப் போய்விட்டார், மறுநாள் அவரையே மறுபடி கூப்பிட வேண்டியிருந்தது. அத்தைக்குப் புதுக் கண்ணாடி போட்டாயிற்று. போட்ட அன்றைக்கே படிக்கட்டு பள்ளமாகத் தெரிகிறது, கூடப் பிறந்தவனே எனக்குத் தப்பான கண்ணாடி கொடுத்துவிட்டான் என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி அப்பாவைத் திட்டித் தீர்த்தார். கடைசியில் பார்த்தால் அவர் மாட்டியிருந்தது வேறு யாரோ காதுக் கம்பி கழன்றுவிட்டது என்று சரிசெய்யக் கொடுத்திருந்த கண்ணாடி, மேஜைமேல் இருந்ததை எடுத்துப் போட்டுக்கொண்டு மாடியேறிப் போயிருக்கிறார். அப்பா ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. உனக்குத்தான் தெரியுமே, அவருக்குப் பேச்சுவார்த்தை எல்லாம் லென்ஸ் தேய்க்கிற மெஷினோடு மட்டும்தான், கடையில் ஆள் வந்தால் திரைக்குப் பின்னாலிருந்து எட்டிக்கூடப் பார்க்க மாட்டார். உன் அறையில் எதையும் நகர்த்தவில்லை, மழை நாளில் துணி மட்டும் அங்கே காயப்போடுகிறேன், அதற்குச் சண்டைக்கு வராதே.

இனி போர்டுக்கு வருகிறேன். உண்மையான வாடிக்கையாளர் ஒருவருக்கு வேலை செய்து காட்டவேண்டும் என்று உன் டிசைன் கல்லூரியில் சொன்னபோது நீ முதலில் அந்த பேக்கரிக்காரரைத்தான் பிடித்தாய். அவர் உன்னைப் படுத்திய பாட்டைச் சொல்லச் சொல்ல நானும் அத்தையும் வயிறு வலிக்கச் சிரித்தோம், காலையில் பச்சை வேண்டும் என்பாராம், மாலையில் யார் பச்சை போடச் சொன்னது என்பாராம், கேக் பெட்டியில் கேக்குக்குப் பதில் தன் முகத்தைப் போடச் சொன்னாராம். அவருக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு நீ நம் கடைக்கு வந்தாய். ‘இனிமே நீங்கதாம்மா என் கிளையன்ட்’ என்று நீ சொன்னதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்களுக்கும் ஆசைகள் இருந்தன. அத்தை தங்க நிறம் கேட்டார், நான் கண் பரிசோதனை இலவசம் என்பதைப் பெரிதாகப் போடச் சொன்னேன், அப்பா ஒன்றும் கேட்கவில்லை, கண்ணாடிக் கடை என்று தெரிந்தால் போதும் என்றார். நீ எல்லாவற்றுக்கும் ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு, வெள்ளைப் பலகையில் ஒரு ஓரமாக நூல் மாதிரி சாம்பல் நிற எழுத்து, அதற்கு மேலே அதைவிட மெல்லிசாக இரண்டு வட்டம், மற்ற இடமெல்லாம் காலி என்று அனுப்பினாய். காலியாக விட்டிருக்கிற இடம்தான் பேசும் என்றாய். போர்டை மாட்ட வந்தவர் ஏணியில் நின்றபடியே, ‘மிச்ச எழுத்து பின்னாடி வண்டியில வருதுங்களா?’ என்று கேட்டார், நான் முறைத்த முறைப்பில் அடுத்த ஆணியைத் தன் விரலில் அடித்துக்கொண்டார். பொய் சொல்லவில்லை பாப்பு, எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் கிட்டத்தில் வைத்துப் பார்த்தபோது அவ்வளவு துப்புரவாக, அழகாக இருந்தது. என் மகள் வரைந்தது என்று பக்கத்து மருந்துக் கடைக்காரரை வெளியே இழுத்துவந்து காட்டினேன்.

அப்புறம் வந்தது உங்கள் கிரிட்டிக். வேலையைச் சுவரில் மாட்டிவிட்டு வரைந்தவர் ஓரமாக நிற்க வேண்டும், கூடப் படிக்கிறவர்கள் எல்லோரும் சொல்லி முடிக்கும்வரை வாயைத் திறக்கக் கூடாது என்று முதல் வருடம் நீ சொன்னபோதே, மூச்சு விடுகிற நேரம் போக மற்ற நேரமெல்லாம் பேசுகிற இவள் அங்கே எப்படித்தான் நிற்கப்போகிறாள் என்று நினைத்தேன். நினைத்த மாதிரியே ஆயிற்று. உன் அறைத் தோழி, சுருட்டை என்று கூப்பிடுவாயே, அந்தப் பெண் போர்டைப் பார்த்து, ‘கண்ணு சரியாத் தெரியாதவங்கதானே கண்ணாடிக் கடையைத் தேடி வருவாங்க, அவங்க இதை எப்படிப் படிப்பாங்க?’ என்று கேட்டாள், வகுப்பே தலையாட்டியது, நீ பொறுக்கமாட்டாமல், ‘எங்கம்மாதான் கிளையன்ட், அவங்களே சந்தோஷமா இருக்காங்க, போர்டு மாட்டினதுக்கு அப்புறமும் கடையில கூட்டம் குறையலை’ என்று பாய்ந்துவிட்டாய். அப்படியானால் கிளையன்டே எழுதித் தரட்டும், கடைசித் தேர்வில் அதையும் சேர்த்துப் பார்க்கலாம் என்றார் ஆசிரியர். இதையெல்லாம் அழுதுகொண்டே சொன்னாய். சுருட்டையோடு ஒரே அறையில் இருந்துகொண்டு பேச்சை நிறுத்திவிட்டேன் என்றாய், இந்தத் தேர்விலும் இப்படியே ஆனால் படிப்பை விட்டுவிட்டு வந்து ஏதாவது கணக்கு வேலைக்குப் போகிறேன் என்றாய். எனக்கு வந்த கோபத்தில், அவளுக்கு வயிற்றெரிச்சல், நீ கண்டுகொள்ளாதே என்று சொல்லிவிட்டேன். காக்கைக்கும் தன் குஞ்சு பொன்குஞ்சு, வேறு எதைச் சொல்வேன். கூட்டம் குறையவில்லை என்று உனக்குச் சொன்னதும் நான்தான், அதுவும் உண்மைதான். ஏன் குறையவில்லை என்பது மட்டும் எனக்கு இந்த வாரம்தான் தெரிந்தது.

கொஞ்ச நாளாகவே அப்பாவின் நடவடிக்கை சரியில்லை. மெஷின் சத்தம் நின்று நின்று கேட்கிறது, கொண்டுபோய் வைத்த டீ ஆறிப்போய்க் கிடக்கிறது, சொன்ன நாளில் கண்ணாடி தயாராவதில்லை, வாங்க வந்தவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. எங்கே போனீர்கள் என்று கேட்டால் காற்று வாங்கப் போனேன் என்கிறார். இத்தனை வருடத்தில் வாங்காத காற்றை இப்போது வாங்குகிறாரே, உடம்புக்கு ஏதோ வந்து மறைக்கிறாரோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. ரத்தப் பரிசோதனைக்குக்கூட எழுதி வாங்கி வைத்தேன். அப்போதுதான் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்து ஓய்வு பெற்ற அந்த அம்மாள் வந்தார், உனக்குத் தெரியும், வருடா வருடம் நம்மிடம்தான் கண்ணாடி மாற்றுவார். நாற்காலியில் உட்கார்ந்ததும், ‘உங்க வீட்டுக்காரர் மட்டும் கூப்பிடலைன்னா நான் அடுத்த தெருவுக்குப் போயிருப்பேங்க, கடையைக் காலி பண்ணிட்டீங்க, இன்னும் புது ஆள் போர்டு எழுதலைன்னு நினைச்சுட்டேன்’ என்றார். அவரை அங்கேயே உட்கார வைத்துவிட்டு நான் எதிர்ப்பக்கம் பஸ் நிறுத்தத்துக்குப் போய் நின்றேன். என் கண்ணாடியையும் கழற்றினேன். அங்கிருந்து பார்த்தால் நீ வரைந்தது ஒன்றுமே இல்லை பாப்பு, சுத்தமாக இல்லை, துவைத்துக் காயப்போட்ட வேட்டி மாதிரி வெள்ளையாக ஒரு பலகை, அவ்வளவுதான். கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தால் அதற்குக் கீழே அப்பா நிற்கிறார். வேலை செய்கிற கறை பிடித்த கோட்டோடு நிற்கிறார். பஸ்ஸிலிருந்து இறங்கித் தெருவைக் கடந்து வந்து கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்க்கிற ஒவ்வொருவரிடமும், ‘கண்ணாடிங்களா? இங்கதான், உள்ள வாங்க’ என்று குனிந்து சொல்கிறார். கல்யாணத்தன்றுகூட வந்தவர்களை வாங்க என்று கூப்பிடக் கூச்சப்பட்டு என் அண்ணனை முன்னால் தள்ளிவிட்ட மனிதர் அவர். ஒருவர் முறைத்துவிட்டுப் போனார், அப்பா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அடுத்த பஸ் வந்ததும் மறுபடி தலையைத் தூக்கினார். எனக்கு அங்கேயே கண் நிறைந்துவிட்டது, தெருவில் நின்று அழுதேன், பஸ்ஸுக்குக் காத்திருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டினாள்.

அவர் உள்ளே வந்ததும் பிடித்துக்கொண்டேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலை உங்களுக்கு எதற்கு என்று கேட்டேன். ஒரு லென்ஸை எடுத்துத் துடைத்தார். பிறகு, ‘புள்ளைக்கு முதல் வேலை. நாம வேண்டாம்னு சொன்னா வேற யாரு வேணும்னு சொல்லுவாங்க? கொஞ்சம் நின்னா எனக்கு என்ன குறைஞ்சிரப்போகுது, நீ சொல்லிடாத’ என்றார். முழங்கால் வீங்கியிருக்கிறது, ராத்திரி ஒத்தடம் கொடுக்கிறேன், மழை நாளிலும் குடையோடு நிற்கிறார். சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், இதற்காக அவர் என்னோடு பேசாமல் இருந்தாலும் எனக்கு ஒன்றும் பெரிய வித்தியாசம் தெரியப்போவதில்லை.

திருப்தி என்று நீ கேட்ட கடிதத்தையும் எழுதிப் பார்த்தேன். இரண்டு வரி அழகாக வந்தது. மூன்றாவது வரிக்கு வரும்போது வெளியே அவர் குரல் கேட்டது, கிழித்துப் போட்டுவிட்டேன். உன்னை அழவைக்க எனக்கு ஆசையா, நீ இதைப் படித்துவிட்டு இனி வீட்டுக்கு எதையும் காட்டமாட்டேன் என்று சொல்லிவிடுவாயோ என்று இப்போதுகூடக் கை தயங்குகிறது. ஆனாலும் கேள். நாங்கள் உனக்கு வாடிக்கையாளராக இருக்கவே இல்லை. பேக்கரிக்காரர் உன்னைப் படுத்தினார், ஆனால் தன் கேக் விற்க வேண்டும் என்று படுத்தினார். நாங்கள் உன் முகம் வாடக்கூடாது என்று தலையாட்டினோம், நீயும் தலையாட்டுகிற ஆளைத் தேடித்தான் இங்கே வந்தாய், அதில் உன்னை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இப்போது கடைக்காரியாகச் சொல்கிறேன், பஸ் நிறுத்தத்தில் கண்ணாடி இல்லாமல் நிற்கிறவருக்கு இது கண்ணாடிக் கடை என்று தெரிய வேண்டும். எனக்கு வேண்டியது அது ஒன்றுதான். பழைய போர்டை மாட்டச் சொல்லவில்லை, அதிலிருந்த இமை முளைத்த கண்களைப் பார்த்துக் குழந்தைகள் அழுதது எனக்கும் தெரியும். தங்கமும் வேண்டாம், இலவசமும் வேண்டாம், அத்தையை நான் பார்த்துக்கொள்கிறேன். என்ன நிறம், எப்படி எழுத்து என்பது உன் பாடு, அதில் மூக்கை நுழைக்க மாட்டேன். வேறு யாரிடமும் கொடுக்கவும் மாட்டேன், இந்த வேலை உன்னுடையதுதான். சுவரில் ஒட்ட வாடிக்கையாளர் கடிதம் வேண்டும் என்றால் இதையே ஒட்டு, அத்தை கதையை மட்டும் மடித்து மறைத்துவிடு.

சுருட்டையைப் பற்றி நான் சொன்ன வார்த்தை தப்பு. நம் தெருவையே பார்க்காத பெண் அங்கே உட்கார்ந்துகொண்டு சரியாகச் சொல்லியிருக்கிறாள், போன வருடம் உனக்குக் காய்ச்சல் வந்தபோது மருத்துவரிடம் கூட்டிப்போனதும் அவள்தானே. அவளிடம் நீயாகப் போய்ப் பேசு, முதலில் பேசினால் கிரீடம் ஒன்றும் கீழே விழுந்துவிடாது. புதிதாக வரைவதை அவளிடம்தான் முதலில் காட்ட வேண்டும், எனக்குக் கடைசியில் அனுப்பினால் போதும், இந்தத் தடவை பஸ் நிறுத்தத்தில் நின்று பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வேன். கணக்கு வேலைக்குப் போகிறேன் என்றாயே, அது நடக்காது, பத்தாம் வகுப்புக் கணக்குத் தாளின் ஓரம் முழுக்கப் பூனை வரைந்து வைத்திருந்தவள் நீ. திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் நடுநடுவே ஜன்னலுக்கு வெளியே தூரத்தில் பார், இதை நான் சொல்லாவிட்டால் யார் சொல்வார்கள். வேளைக்குச் சாப்பிடு. அழுகை வந்தால் அழுதுவிட்டு முகத்தைக் கழுவிக்கொண்டு உட்கார்.

நீ நன்றாக வருவாய் பாப்பு, எனக்கு அதில் சந்தேகமே இல்லை, உன் கைக்கும் கண்ணுக்கும் ஒரு குறையும் வராது. அத்தையும் ஆசி சொல்லச் சொன்னார். அப்பாவுக்கு நான் எழுதுவது தெரியாது, போனில் உளறிவிடாதே. ஒன்றை மட்டும் மனதில் வை. உன் போர்டு செய்ய வேண்டிய வேலையை இப்போது உன் அப்பா நின்று செய்துகொண்டிருக்கிறார். சீக்கிரம் வரைந்து அனுப்பு, அவர் உள்ளே வந்து உட்காரட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா