ஓரத்தில் நாலு விரல்

கோடம்பாக்கம்
28-10-1957

அன்புள்ள அமிர்தவள்ளிக்கு,

நலம். இரண்டு வருஷமாக லைட் தூக்கியவனைக் காமிராவுக்கு உதவியாக ஏற்றிவிட்டார்கள். "அங்க அப்படி இன்னாதான் செய்றீங்க" என்று கேட்டிருந்தாய். ஆளும் சுற்றி இருப்பதும் முழுசாகத் தெரிந்தால் லாங் ஷாட். இடுப்புக்கு மேலே என்றால் மிட் ஷாட். முகம் மட்டும் என்றால் க்ளோசப். சட்டத்துக்குள் எதை வைப்பது, எதை வெட்டுவது, அதுதான் வித்தை. என் போட்டோ ஒன்று இதோடு வைத்திருக்கிறேன், மிட் ஷாட். கமலவேணிக்குக் காட்டு. பொங்கலுக்கு வருகிறேன்.

சம்பத்

ஆம்பூர்
6-11-1957

கமலவேணி அப்பாவுக்கு, அமிர்தவள்ளி வணக்கத்துடன் எழுதிக்கொண்டது.

உங்கள் மகளும் நானும் சுகம். எங்கள் தோல் ஷாப்பில் க்ளோஸ் என்றால் கதவைச் சாத்துவது. க்ளோசப் என்று படித்ததும், ஸ்டூடியோவை மூடிட்டாங்க, மனுஷன் மூட்டையோட வர்றாருன்னு வாசலை எட்டிப் பார்த்தேன். மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். ஷாப்பில் வேலை வாங்கும் மேஸ்திரியை இப்போது லாங் ஷாட்டிலேயே நிறுத்திவிடுகிறேன். கிட்டே வந்தால் கத்தல் ஜாஸ்தி.

போட்டோவில் உடம்பு போட்டிருக்கிறது. யார் சமையல்? இடது தோளில் நாலு விரல் தெரியுது. மருதாணி வெச்ச விரல். விரலுக்குச் சொந்தக்காரியை வெட்டிட்டீங்க. வித்தை இன்னும் படியலை போல. கமலவேணிதான் முதலில் பார்த்தாள். போட்டோவைக் குப்புற வெச்சிட்டுப் பள்ளிக்கூடம் போய்ட்டா.

நான் திட்டவில்லை. லாங் ஷாட்டா ஒரு போட்டோ அனுப்புங்க. பக்கத்தில் இருக்கிறவங்க எல்லாரும் தெரியணும். தனியா நின்னீங்கன்னா பொங்கலுக்கு வேட்டி எடுத்து வைக்கிறேன்.

அமிர்தவள்ளி

கோடம்பாக்கம்
24-11-1957

அமிர்தவள்ளிக்கு,

வேலை ஜாஸ்தி. அது கூட வேலை செய்கிற யாரோ ஒருவர் கை. நீ கேட்ட போட்டோ இதோடு இருக்கிறது. பொங்கலுக்கு வருவது சந்தேகம்.

சம்பத்

ஆம்பூர்
2-12-1957

கமலவேணி அப்பாவுக்கு,

கவர் வந்தது. முகம் நல்லாவே விழுந்திருக்கிறது. நெற்றியிலிருந்து தாடை வரைக்கும். காதுகூட பாதிதான். லாங் ஷாட் கேட்டவளுக்கு க்ளோசப். ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவரா நீங்க? எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீங்கதானே. க்ளோஸ்னா கதவைச் சாத்துறது. நான் முதல்லயே சரியாத்தான் படிச்சிருக்கேன்.

நேற்று நாங்க ரெண்டு பேரும் பஜாரில் அப்துல் ஹமீத் பாய் ஸ்டூடியோவுக்குப் போனோம். "நடுவுல அவருக்கு எடம் உட்டு நில்லும்மா, வந்தா அப்புறம் ஒட்டிக்கலாம்" என்றார் பாய். நான் வாயைத் திறக்குமுன்னே கமலவேணி என் பக்கம் நகர்ந்து நின்னுக்கிட்டா.

அந்தப் போட்டோ இதோடு இருக்கிறது. தலையிலிருந்து கால் வரைக்கும் தெரியும், ஓரத்தில் எதையும் வெட்டலை. கையை எண்ணிப் பார்த்துக்குங்க. நாலுதான்.

அமிர்தவள்ளி