சமையல்காரன் கொல்லவில்லை

அண்ணை,

உங்கள் முப்பத்தொன்றாம் நாள் கிரியை முடிந்ததும் அண்ணி ஒரு பை நிறையப் புத்தகங்கள் தந்தார். இன்றுதான் திறந்தேன். மிளகாய்த்தூள் மணம் மூக்கில் ஏறி மூன்று தும்மல். மேலே கிடந்தது அந்த மெல்லிய பிரெஞ்சுத் துப்பறியும் கதை. அட்டையில் பனி மூடிய மாளிகை, அதன்மேல் நம் பருப்புக் கறை.

எண்பதுகளில் ஒரு மார்கழி. அகதிகளாக வந்த புதிதில், லா சப்பலில் ஒரே அறையில் ஏழு பேர் இருந்தோம். ஏதோ ஒரு துப்பறியும் வரிசையில் நத்தார்ப் பண்டிகைக்கென்றே எழுதப்பட்ட குறுநாவல் அது. பக்கத்து ஸ்டாலின்கிராட் மெட்ரோ நிலையத்தடியில், தெருவோரப் பெட்டியில் கண்டெடுத்தீர்கள். எங்களில் பிரெஞ்சு வாசிக்கத் தெரிந்தவர் நீங்கள் ஒருவர்தான். நாங்கள் வெங்காயம் உரிக்க, நீங்கள் தினமும் இரண்டு பக்கம் தமிழில் சொல்வீர்கள். நத்தார் விருந்தில் பணக்காரக் கிழவர் நஞ்சு கலந்த சாப்பாடு தின்று சாகிறார். வெளியே பனி, ஒருவரும் வீட்டை விட்டுப் போக முடியாது.

சமையல்காரன்தான் என்றோம் நாங்கள். உங்களுக்குப் பொல்லாத கோபம் வந்தது.

"நஞ்சு வைச்சால் அந்தக் கோப்பையை ஆர் கழுவுறது? அவன்தானே! விசரே அவனுக்கு?"

நீங்களும் அப்போது ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தீர்கள். அங்கே ஒரு வெள்ளிக் கரண்டி காணாமல் போனபோது முதலில் உங்கள் பையைத்தான் கொட்டிப் பார்த்தார்கள். கடைசி நாள், கொன்றது கிழவரின் வக்கீல் என்று அறிவித்தீர்கள். "அப்புக்காத்துதான்! நான் சொன்னனான் எல்லே?" என்று ஒரு வாரம் எங்களை நிம்மதியாக இருக்கவிடவில்லை.

தை மாதம் எனக்கு அகதி விசாரணை. மறுத்தால் ஊருக்குத் திரும்ப வேண்டும். ஊரில் என் உயிருக்கு உத்தரவாதமில்லை. அறை முழுவதும் ஒரே புத்திமதிதான்: "முதல் சொன்னதையே சொல்லு. மாத்திச் சொன்னியோ, துலைஞ்சாய்." நீங்கள் இந்தப் புத்தகத்தைக் கையில் திணித்தீர்கள். "பிரெஞ்சுப் புத்தகத்தோடை போனால் ஒரு மதிப்பு."

மதிப்புக்குப் பதிலாக வம்புதான் வந்தது. விசாரணை முடியும் நேரம் அதிகாரி அம்மா புத்தகத்தைக் கண்டுவிட்டார். கொலைகாரன் யார் என்று மொழிபெயர்ப்பாளர் மூலம் கேட்டார்.

"அப்புக்காத்து," என்றேன்.

"இல்லையே, சமையல்காரன்."

இதுதான் பொறி என்று நினைத்தேன். மூன்று தரம் கேட்டார், மூன்று தரமும் அப்புக்காத்துதான் என்றேன். கோப்பை கழுவுகிறவன் நஞ்சு வைக்கமாட்டான் என்று விளக்கமும் கொடுத்தேன். மொழிபெயர்ப்பாளருக்கு வியர்த்துக் கொட்டியது. அந்த அம்மா பேனையை வைத்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தார்.

அன்று மாலை பதறிக்கொண்டு வந்து உங்களிடம் சொன்னேன். "அந்த மனுசி கடைசிப் பக்கம் வாசிக்கேல்லை," என்றீர்கள், கண் இமைக்காமல். பங்குனியில் எனக்கு விசா அட்டை கிடைத்தது. இத்தனை வருடமும் அந்த அம்மாவை நினைத்துப் பாவப்பட்டேன்.

இன்று கடைசிப் பக்கத்தை நானே வாசித்தேன். சமையல்காரன்தான், அண்ணை. அழுது ஒப்புக்கொள்கிறான். எங்கள் ஆறு பேருக்கு முன்னால் பச்சைப் பொய் சொல்லி அவனைக் காப்பாற்றியிருக்கிறீர்கள். சிரித்தேன், பிறகு அந்தக் கரண்டிக்காகக் கொட்டப்பட்ட உங்கள் பை நினைவுக்கு வந்து அழுதேன். உங்களைப் பார்க்க வேண்டும் போலிருக்கிறது.

மகள் எட்டிப் பார்த்து, கொலைகாரன் யார் என்று பிரெஞ்சில் கேட்டாள்.

"அப்புக்காத்து," என்றேன்.