ஒரே அறை போதும்தானே

ராபர்ட்சன்
மே மாதம், திங்கட்கிழமை

அன்புள்ள டீல்மன்,

மேடையில் மட்டும் உனக்கு மனைவியாக இருந்தே கிழவியாகிப்போன சுசாரா எழுதுவது. முழங்காலைத் தவிர மற்ற எல்லாம் நலம். உன் நலத்தைத்தான் யாரிடம் கேட்பதென்று தெரியவில்லை. கடல் தாண்டி நீ குடிபோன பெர்த்துக்கு எப்போது போன் பண்ணினாலும் உன் மகள் லீஸ்பெத் எடுத்து, அப்பா தோட்டத்தில் இருக்கிறார் என்கிறாள். நீ ஒரு ரோஜாச்செடியைக் கூட உருப்படியாக வளர்த்ததில்லை. அதனால்தான் கடிதம்.

ஹெட்டியின் அடக்கத்துக்கு என்னால் வர முடியவில்லை. இதய டாக்டர் விமானம் ஏறக் கூடாது என்று சொல்லிவிட்டார். இங்கே ராபர்ட்சன் சர்ச்சில் உட்கார்ந்து அவளுக்காக அழுதேன். உன்னைக் கட்டிக்கொண்டு குப்பை கொட்டியதற்கே அவளுக்குப் பரலோகத்தில் ஜன்னலோர இடம் கிடைத்திருக்கும்.

உனக்கு ஒரு விஷயம் தெரியாது. இங்கே செத்தது நான்தான். செய்தித்தாளில் 'நடிகர் டீல்மன் நௌடேயின் மனைவி காலமானார்' என்று போட்டார்கள். படம் தேடிய பையன் யாரோ, நாம் இரண்டு பேரும் புருஷன் பெண்டாட்டியாக ஓட்டல் நடத்துகிற அந்தப் பழைய சீரியலிலிருந்து ஒரு படத்தை எடுத்துப் போட்டுவிட்டான். மறுநாள் நான் கறிக்கடைக்குப் போய் சாசேஜ் கேட்டேன். பக்கத்தில் நின்ற பெண்மணி என்னைப் பார்த்து வெலவெலத்துப்போய், "நீங்க செத்துட்டீங்களேம்மா, நேத்துதானே அழுது முடிச்சேன்" என்றாள். அவளுக்குத் தண்ணீர் கொடுத்து நாற்காலியில் உட்கார வைத்தது நான்.

அதோடு முடியவில்லை. ப்ரீஸ்காவில் ஞாயிறு ஆராதனையில் எனக்காக ஜெபம் பண்ணிவிட்டு, புதன்கிழமை போதகர் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். உன் விலாசம் தெரியாதவர்கள் துக்கத்துக்குச் செய்த பலகாரத்தையெல்லாம் என் வீட்டிலேயே கொண்டுவந்து வைத்தார்கள். பாகு சொட்டும் குக்சிஸ்டர், பால் டார்ட், கோழிக் கறி. என் சாவுக்கு வந்த சாப்பாட்டை ஒரு வாரம் நானே சாப்பிட்டேன். பால் டார்ட் சுமார்தான்.

ஆனால் வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். அவர் இனிமேல் எப்படித் தனியாக இருப்பார் என்று. நான் உயிரோடு இருக்கிறேன் என்று தெரிந்த பிறகும் பழக்கதோஷத்தில் கேட்டார்கள். முதலில் சிரித்தேன். அப்புறம் கடை வாசலில் காரில் உட்கார்ந்து அழுதேன். ஆள் மாறிப்போனாலும் கேள்வி சரியான கேள்விதானே.

அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை. ஒன்பதரை மணிக்கு நாடகம் முடிந்ததும் சர்ச் ஹாலில் காப்பியும் ரஸ்க்கும் கொடுத்துவிட்டு, நடிகர்களை ஊர்க்காரர்கள் ஆளுக்கு இரண்டு பேராக வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். நம் இருவருக்கும் எந்த ஊரிலும் ஒரே அறை, ஒரே பெரிய கட்டில், இஸ்திரி போட்ட விரிப்பு. நீ வாசலிலேயே தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, "அம்மா, எங்க கல்யாணம் தினமும் ஒன்பதரை மணிக்கு முடிஞ்சிடும்" என்பாய். அந்த அம்மாள் முகம் சிவந்து இன்னொரு போர்வை தேட ஓடுவாள். ஒரு தடவை நீ குளியல் தொட்டியில் தூங்கினாய், காலையில் வீட்டுக்காரர் தூக்கக் கலக்கத்தில் குழாயைத் திறந்துவிட்டார்.

இதையெல்லாம் ஹெட்டியிடம் சொன்னால் கண்ணில் நீர் வரச் சிரிப்பாள். "வெளியூர்ல நீ பாத்துக்கோ சுசாரா, வீட்டுல நான் பாத்துக்கறேன். ஒருத்தியால முடியற வேலையா இது" என்பாள். நம் இரண்டு பேருக்கும் வழிச்சாப்பாட்டை ஒரே தகர டப்பாவில்தான் கட்டிக் கொடுப்பாள். உன் பங்கு இறைச்சி உருண்டையில் வெங்காயம் இருக்காது. என்னைக் கட்டிய நிஜப் புருஷன் டர்பன் ஊர்க்காரி ஒருத்தியோடு போய்விட்டபோது, என் சமையலறையில் நின்று பாத்திரம் தேய்த்தவள் ஹெட்டிதான்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நெரினா என்று ஒரு சின்னப் பெண், நல்ல இயக்குநர், இரண்டு கிழங்களுக்காக ஒரு நாடகம் எழுதியிருக்கிறாள். ரயில் நின்றுபோன, கரூ பொட்டல்வெளி ஸ்டேஷன் ஒன்றில், வீட்டைக் காலி செய்ய வேண்டிய புருஷனும் பெண்டாட்டியும். வசந்தத்தில் வில்லிஸ்டனில் ஆரம்பித்துச் சின்ன ஊர்களாகப் போகிற திட்டம். ஸ்டேஷன் மாஸ்டர் மகன் நீ இருக்கும்போது வேறு யார் அந்தக் கொடியைப் பிடிப்பது? ஜூன் முடிகிறவரை காத்திருக்கிறேன் என்கிறாள். அதற்குமேல் உன் இடத்தில் சாரெலைப் போட்டுவிடுவாளாம். சாரெல் பெண்டாட்டியைப் பார்த்துப் பேசவே மாட்டான், ஜனங்களைப் பார்த்துத்தான் பேசுவான். இந்த வயதில் எனக்கு அப்படி ஒரு புருஷன் வேண்டாம்.

ஒரு வரி எழுது. கர்த்தர் உன்னைத் தாங்கட்டும்.

சுசாரா

*

ராபர்ட்சன்
ஜூன், மழை விடாத ஒரு நாள்

அன்புள்ள டீல்மன்,

உன்னிடமிருந்து ஒரு வரியும் வரவில்லை. கோபமாக ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் லீஸ்பெத் போன் பண்ணி உண்மையைச் சொல்லிவிட்டாள். தோட்டமும் இல்லை ஒன்றும் இல்லை, ஹெட்டியை அடக்கம் செய்த நாளிலிருந்து நீ வாய் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லையாம். தொண்டையில் ஒரு கோளாறும் இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். பேரப்பிள்ளைகள் ஆங்கிலத்தில் கேட்டால் தலையை மட்டும் ஆட்டுகிறாயாம். அந்த வீட்டில் உன்னோடு நம் மொழியில் வாய் ஓயாமல் பேசியவள் ஹெட்டி ஒருத்திதான், அவளும் போய்விட்டாள்.

லீஸ்பெத் ரொம்ப அழுதாள். "சின்ன வயசுல ரேடியோவுல அப்பா குரலைக் கேட்டாத்தான் தூங்குவேன் அத்தை. இப்ப பக்கத்து ரூம்ல ஆள் இருக்கார், குரல் இல்ல" என்றாள். நாடகப் பேச்சை எடுத்து அப்பாவைத் தொந்தரவு பண்ண வேண்டாம் என்றும் சொன்னாள். சரி என்றேன். உன் குரல் போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது, டீல்மன். அதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அவள் போகிறபோக்கில் இன்னொன்றும் சொன்னாள். நீ பாதி நாள் ஷெட்டில் நிற்கிற காரில், ஓட்டுகிற பக்கம் ஏறி உட்கார்ந்துகொள்கிறாயாம். புத்தி பிசகிவிட்டதோ என்று அவளுக்குக் கவலை. எனக்குப் புரிந்துவிட்டது. நீ எந்தக் காலத்திலும் மேஜையில் உட்கார்ந்து வசனம் படித்தவன் இல்லை. வண்டி ஓட்டிக்கொண்டேதான் படிப்பாய். தலைக்குமேல் செட்டுச் சாமான், நடுவில் ஹெட்டியின் டப்பா, நான் என் வசனத்தைப் படிக்க நீ உன் வசனத்தைச் சொல்ல, அடுத்த ஊர் வருவதற்குள் ஒரு அங்கம் முடிந்துவிடும். என்னை வெட்டிப் புதைக்கப் போவதாக நீ கத்திய கத்தலில் போஃபர்ட் வெஸ்ட் பக்கம் போலீஸ் நம் வண்டியை மறித்தது நினைவிருக்கிறதா? நான் விளக்கம் சொல்லச் சொல்ல, அந்த அதிகாரி என்னைத் தனியே கூப்பிட்டு, பயப்படாமல் சொல்லும்மா என்றார்.

அந்தக் குரலை வைத்துத்தானே நீ வாழ்ந்தாய். முதல் வருஷம் பிணமாக நடித்துத் தும்மினாய். ரேடியோவில் நுழைந்து ஊர் ஊராக வீட்டுச் சமையலறைகளுக்குள் போனாய். டிவி வந்ததும் நல்லவனாக நடித்து யாரும் கண்டுகொள்ளவில்லை, வில்லனாக நடித்தபோது சர்ச் சந்தையில் ஒருத்தி குடையால் அடித்தாள். விருது வாங்கிய அன்றைக்கு நீ விருதைப் பற்றிப் பேசவில்லை, அந்தக் குடையடியைப் பற்றித்தான் எல்லாரிடமும் பெருமையடித்தாய்.

லீஸ்பெத்திடம் சரி என்று சொன்னதை மீறி, இந்தக் கடிதத்தோடு ஒரு கேசட் அனுப்பியிருக்கிறேன். நெரினாவின் நாடகத்தில் முதல் அங்கம், என் வசனம் மட்டும் பேசியிருக்கிறேன். உன் வசனம் வருகிற இடத்தில் பேசாமல் இருந்திருக்கிறேன். அந்த இடங்களில் என் சுவர்க் கடிகாரம் கேட்கும், பொறுத்துக்கொள். உன் வசனத்தைத் தனித்தாளில் பெரிய எழுத்தில் எழுதி வைத்திருக்கிறேன், கண்ணாடி தேட வேண்டாம்.

நீ நடிக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எனக்குப் பதில் சொல்லவும் வேண்டாம். லீஸ்பெத் வண்டி ஓட்டட்டும், நீ பக்கத்தில் உட்கார்ந்து கேள், போதும். நாடகத்தில் வரும் அந்தக் கிழவி பெரிதாக எதுவும் கேட்கவில்லை, காப்பிக்குத்தான் கூப்பிடுகிறாள்.

கர்த்தர் உன் வாய்க்கு வார்த்தை தரட்டும்.

சுசாரா

*

ராபர்ட்சன்
ஜூலை, சனிக்கிழமை காலை

என் அன்பு டீல்மன்,

நேற்று லீஸ்பெத் பேசினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று முதலில் தெரியவில்லை. உன்னைக் கடைக்குக் கூட்டிப் போகிற வழியில், வருவது வரட்டும் என்று கேசட்டைப் போட்டிருக்கிறாள். "காப்பி ஆறுது, வர்றீங்களா இல்லையா?" என்று நான் கேட்க, கடிகாரம் ஓடியதாம், நீ ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாயாம். அடுத்த வசனத்துக்கும் அப்படியே. அதற்கு அடுத்ததில் கையை நீட்டி நீயே கேசட்டை நிறுத்திவிட்டாயாம். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று அவள் நினைத்தாளாம். அப்போதுதான் நீ பேசினாயாம்.

"அவசரப்படறா. எப்பவும் இவளுக்கு அவசரம்தான். காப்பி ஆறுறதுக்காவது நேரம் விடணுமில்ல."

பிறகு நீயே கேசட்டைப் பின்னால் ஓட்டி, என் வசனம் வந்ததும், உன் வசனத்தைத் தாளைப் பார்க்காமல் சொன்னாயாம். லீஸ்பெத் வண்டியை ஓரம் கட்டி அழுதிருக்கிறாள். இங்கே நிறுத்தக் கூடாது, போர்டைப் பார் என்று நீ அவளை அதட்டினாயாம். கேட்டதும் எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் எத்தனையோ விமர்சகர்கள் எழுதினார்கள், அவசரம் என்று எவனும் எழுதியதில்லை. அப்புறம் முழங்காலையும் மறந்து தரையில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்கப் பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. இவ்வளவு சந்தோஷம் எனக்கு வந்து வெகு காலமாகிறது.

சாரெலைப் போட்டாகிவிட்டதா என்று நீ கேட்டாயாம். இல்லை. ஜூன் முடிந்ததும் நெரினா வந்து கேட்டாள். அவனோடு நான் நடிக்க மாட்டேன், இன்னும் கொஞ்சம் பொறு என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உனக்காக ஒரு பெண் பிள்ளையிடம் கெஞ்சியிருக்கிறேன், அதையும் கணக்கில் வைத்துக்கொள்.

நீ கேட்ட இன்னொரு கேள்வியையும் லீஸ்பெத் சொன்னாள். "நாடகம் முடிஞ்சதும் நான் யாருக்குப் போன் பண்றது?" என்று கேட்டாயாம். எந்த ஊரானாலும், மேக்கப்பைக் கூடத் துடைக்காமல், தங்கியிருக்கிற வீட்டுப் போனைக் கேட்டு ஹெட்டியைக் கூப்பிடுவாயே. இன்றைக்கு நல்ல கூட்டம், ஒருத்தர் குறட்டை விட்டார், படுத்துத் தூங்கு. இவ்வளவுதான் பேசுவாய். பக்கத்தில் நின்று எத்தனை தடவை கேட்டிருக்கிறேன். எந்த நேரமானாலும் எடுக்கிறேன் என்று லீஸ்பெத் சொல்கிறாள். அது ஹெட்டி எடுத்த மாதிரி இருக்காது. இருந்தாலும் கூப்பிடு.

வில்லிஸ்டனில் இந்தத் தடவை நாம் தங்கப் போகிற வீட்டு டோர்த்தியாவும் போன் பண்ணினாள். நான் சாகவில்லை என்று பத்திரிகையில் பிறகு திருத்தம் போட்டார்கள், அதைப் படித்திருக்கிறாள். ஆனால் செத்தது யார் என்பது அவளுக்கு இன்னும் பிடிபடவில்லை. "நீங்க உயிரோட இருக்கறதுல எங்களுக்கெல்லாம் ரொம்ப சந்தோஷம். அவருக்கும் உங்களுக்கும் ஒரே அறை போதும்தானே?" என்றாள். ஒன்பதரை மணிக்கு முடிந்துபோகிற கல்யாணம் என்கிற உன் வசனம் எனக்கும் மனப்பாடம். நாக்கு நுனிவரை வந்தது.

சொல்லவில்லை. அவர் வரட்டும், அவரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்லி வைத்துவிட்டேன். போனை வைத்த பிறகு, பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி கண்ணாடி முன் போய் நின்றேன். ஹெட்டியின் இடம் ஹெட்டியுடையது. அதில் உட்கார நான் ஆசைப்படவில்லை, அவளும் அதை நம்புவாள். அவளுடைய டப்பா போன தடவை சுற்றுப்பயணம் முடிந்ததிலிருந்து என் அலமாரியில்தான் இருக்கிறது. இன்று எடுத்துக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன். உன் பங்கில் வெங்காயம் போட மாட்டேன்.

டிக்கெட் எடு. கர்த்தர் உன்னைக் கடல் தாண்டிப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும். டோர்த்தியாவின் வாசலில் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு நில். நீ என்ன சொல்கிறாய் என்று பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்கிறேன். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். இந்தத் தடவை நான் அவசரப்பட மாட்டேன்.

உன்
சுசாரா