பெட்டிக்குள் தைப்பூசம்

சம்பந்தி,

இன்று காலை கணினிப் பெட்டியின் சுவிட்சைத் தட்டினேன். உள்ளே விசிறி ஓடியது, விளக்கு எரிந்தது, பேத்தி படம் மட்டும் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தாக ஏதோ நின்றது. எனக்கு ஆங்கிலம் படிக்க வராது. இருபது பேர் நடுவில் அதைச் சொன்னவர் நீங்கள், உங்களுக்குத் தெரியாதா? ஆனால் எண் வரும். நீங்கள் காட்டிக்கொடுத்த பொத்தானைத் தட்டி உள்ளே போய்த் தேதியைப் பார்த்தேன். ஜனவரி ஒன்று. நாம் இருவரும் இந்தப் பெட்டியைப் பாகம் பாகமாகப் பூட்டிய அதே வருடம்.

எட்டு வருடத்தை மொத்தமாக மறந்துவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

“காசு மாதிரி இருக்குல்ல, இந்த பேட்டரிதான் தேதிய ஞாபகம் வச்சிருக்கும். இது செத்துச்சுன்னா பெட்டி எல்லாத்தையும் மறந்துடும். உங்கள மாதிரி இல்ல, சம்பந்தி.” அன்று நீங்கள் கிண்டலாகச் சொன்னது. கிண்டல்தான், ஆனால் உண்மை. நான் எதையும் மறப்பதில்லை. எதிர்வீட்டுக்காரி தீபாவளிக்கு வாங்கிப்போன முறுக்குக் குழலை இன்னும் திருப்பித் தரவில்லை என்பதுகூட ஞாபகம் இருக்கிறது. அவள் வீடு மாறியே போய்விட்டாள்.

உங்களுடையது முறுக்குக் குழல் இல்லையே. என் செல்வியை உங்கள் மகனுக்குக் கட்டிக்கொடுத்த அன்று, உங்கள் மாதா கோயில் அலுவல் அறையில் என்னிடம் ஒரு தாளை நீட்டினார்கள். நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைதான். எங்கே கையெழுத்துப் போடுவது என்று தடவிக்கொண்டிருந்தேன். நீங்கள் என் கையிலிருந்து அதை வாங்கினீர்கள். “படிக்காதவங்களுக்கு இதெல்லாம் புரியாது, குடுங்க.” நீங்கள் போட்டிருந்தது நீலச் சட்டை. மேலிருந்து இரண்டாவது பொத்தான் வெள்ளை நூலில் தைத்திருந்தது. “அவரு தப்பா நெனச்சு சொல்லலம்மா” என்று செல்வி எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தாள். நீங்கள் என்ன நினைத்தீர்கள் என்பது என் காதில் விழவில்லை, சொன்னதுதான் விழுந்தது. இரண்டு வருடம் உங்களிடம் ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ தவிர மூன்றாவது வார்த்தை பேசவில்லை.

பிள்ளைகள் சிங்கப்பூரை விட்டு ஆஸ்திரேலியாவுக்கு, பெர்த்துக்குப் போனார்கள். அங்கே பேத்தி பிறந்தாள். அவளுடைய முதல் பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, செங்காங்கிலிருந்து ரயிலேறித் தேக்காவில் என் வீட்டு வாசலில் வந்து நின்றீர்கள். ஒரு பையில் கணினிச் சாமான் பெட்டிகள், இன்னொரு பையில் தின்னக் கறிபாப்.

“சம்பந்தி, புள்ள கேக்கு வெட்டுறத பெரிய ஸ்கிரீன்ல பாக்கணும். போன்ல மூஞ்சி கடலப்பருப்பு மாதிரி தெரியுது. நாமளே ஒரு கம்ப்யூட்டர் பூட்டுவோம்.”

“கடையில விக்கலயா?”

“விக்குதுலா. ஆனா நான் முப்பது வருஷம் லிஃப்ட் ரிப்பேர் பண்ணவன். இது மேலயும் கீழயும்கூட போகாது. பூட்டிட மாட்டேனா?”

உங்களுக்கும் அதுதான் முதல் கணினி என்பதைப் பிறகுதான் சொன்னீர்கள். சாப்பாட்டு மேசையில் பேப்பர் விரித்தோம். நான் டார்ச் பிடித்தேன். சில்லு மேல் தடவுகிற பசையைச் சாந்துப் பொட்டு அளவு வைத்தீர்கள். கீழே விழுந்த திருகாணியை நான் கால் விரலால் தடவி எடுத்துக் கொடுத்தேன். எல்லாம் பூட்டி முடித்துச் சுவிட்சில் கை வைத்தீர்கள். நான் தடுத்தேன்.

“ஆடி மாசம். புதுசா எதையும் தொடங்கக்கூடாது.”

நீங்கள் சிரிப்பீர்கள் என்று காத்திருந்தேன். சிரித்திருந்தால் நீலச் சட்டைக் கணக்கோடு அதுவும் சேர்ந்திருக்கும். நீங்கள் சிரிக்கவில்லை. தாடையைச் சொறிந்தீர்கள்.

“எனக்கு அந்த நம்பிக்க இல்ல. உங்களுக்கு இருக்குல்ல, அது போதும். பயாஸ்னு ஒண்ணு இருக்கு. வாசல் மாதிரி. வீட்டுக்குள்ள நுழையறதுக்கு முன்னாடி அங்க நின்னு தேதிய மாத்திக்கலாம். டோபி காட் ஸ்டேஷன் பக்கம் வேலைக்குப் போறப்ப காவடி பாத்திருக்கேன். தைப்பூசம் நல்ல நாள்தானே?”

வாசலில் நின்றபடியே தட்டித் தட்டி மாதத்தைத் தைக்குக் கொண்டுபோனீர்கள். “இந்தப் பெட்டிக்குள்ள இன்னிக்குத் தைப்பூசம். இப்ப உள்ள போலாமா?” என்றீர்கள். தலையாட்டினேன். என் வாழ்நாளில் எனக்காக யாரும் ஒரு மாதத்தை நகர்த்தியதில்லை.

படம் வந்தது. பெர்த் வரவில்லை. எதைத் திறந்தாலும் சிவப்பாக ஏதோ எழுதிக் காட்டிக் கதவை மூடியது; பாதுகாப்பு இல்லை, பாதுகாப்பு இல்லை என்று நீங்கள் படித்துச் சொன்னீர்கள். திங்கள் வந்து வயரை மாற்றினீர்கள். செவ்வாய் வந்து நினைவுப் பட்டையைக் கழற்றித் துடைத்து மாட்டினீர்கள். புதன், வியாழன் முழுக்க அந்த வாசலிலேயே நின்று ஒவ்வொன்றாக மாற்றி, மாற்றியதைத் திரும்ப மாற்றினீர்கள். வெள்ளிக்கிழமை கோப்பி ஆறிக்கொண்டிருந்தது. நாற்காலியில் சாய்ந்து, “புள்ளயோட மொத பொறந்தநாளு. கடையிலயே வாங்கியிருக்கலாம். என் வீம்பு” என்றீர்கள். உங்கள் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

அடுப்படியிலிருந்து வந்து உங்கள் பின்னால் நின்று திரையைப் பார்த்தேன். எழுத்தெல்லாம் எனக்கு எறும்பு வரிசை. மூலையில் எண் இருந்தது.

“சம்பந்தி, உலகத்துக்கெல்லாம் ஆடி. இந்தப் பெட்டிக்கு மட்டும் இன்னும் தைதானே? அங்க உள்ளவன் எப்படி நம்புவான்?”

நெற்றியில் அடித்துக்கொண்டீர்கள். சத்தம் எதிர்வீடு வரை கேட்டிருக்கும். தேதி பொய்யாக இருந்தால் அந்தப் பக்கத்துக் கதவுகள் நம்மை ஏற்காதாம். எனக்காக மாற்றியதை நீங்களே மறந்திருந்தீர்கள். மறக்காத ஆள் பின்னால் நின்றதால் பிழைத்தோம்.

நீங்கள் சட்டென்று மாற்றிவிடவில்லை. “திரும்ப ஆடிக்குப் போகணுமே, பரவாயில்லயா?” என்று கேட்டீர்கள்.

“கொழந்தைக்கு ஏது ஆடி? மாத்துங்க.”

“நான் மாத்தல. நீங்க உக்காருங்க.” நாற்காலியை விட்டு எழுந்தீர்கள். பெட்டி விழிக்கும்போது டெலிட்டைத் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும். கீழ் அம்பு இரண்டு. எண்டர். கூட்டல் குறியைத் தட்டினால் எண் ஏறும். முடிந்ததும் மேல் வரிசையில் பத்து என்று எழுதிய பொத்தான், மறுபடி எண்டர். ஒரு முறை சொன்னீர்கள். இரண்டாம் முறை சொல்ல வாயெடுத்தீர்கள், நான் அதற்குள் முடித்திருந்தேன்.

பிறகு திரையைப் பார்த்தபடியே, “அன்னிக்குக் கோயில்ல நான் சொன்னது தப்பு சம்பந்தி. படிச்ச எனக்குத்தான் புரியல. அத மறந்துடுங்க” என்றீர்கள்.

“மறக்க மாட்டேன். சாப்டுட்டுப் போங்க.”

அன்று மூன்று தோசை சாப்பிட்டீர்கள். ஞாயிறன்று பேத்தி கேக்கில் கையை விட்டுத் தன் மூக்கில் பூசியதை இருவரும் பெரிய திரையில் பார்த்தோம். அதற்குப் பிறகு ஐந்து வருடம் ஞாயிறு தவறாமல் வந்தீர்கள். அப்புறம் ஒரு ஞாயிறு வரவில்லை.

இன்று கீழே கடிகாரக் கடைக்குப் போய் புது பேட்டரி வாங்கி வந்தேன். கொண்டை ஊசியால் நெம்பிப் பழையதை எடுத்தேன். பெட்டி விழித்தது. டெலிட், கீழ் அம்பு இரண்டு, எண்டர். மாதத்தையும் நாளையும் சரிசெய்துவிட்டு, வருடத்தில் வந்து நின்று கூட்டல் குறியைத் தட்டினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவதில் விரல் நின்றுவிட்டது. அது நீங்கள் கண்ணை மூடிய வருடம்.

நாலோடு நிறுத்தினால் அந்தப் பெட்டிக்குள் நீங்கள் இருப்பீர்கள். கறிபாப் பையோடு செங்காங்கில் ரயிலுக்கு நிற்பீர்கள். எனக்காக நீங்கள் ஆறு மாதத்தைப் பின்னால் தள்ளினீர்களே, உங்களுக்காக நான் ஒரு வருடத்தைப் பிடித்து வைக்கக் கூடாதா? வெகுநேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கோப்பி ஆறியது.

ஆனால் பதினோரு மணிக்குப் பேத்தி வரப்போகிறாள். அடுத்த வாரம் அவளுக்கு மாதா கோயிலில் முதல் நற்கருணை. வெள்ளைக் கவுனைப் போட்டுக் காட்டுகிறேன் என்றிருக்கிறாள். அதைப் பார்க்கத்தான் நீங்கள் நாள் எண்ணிக்கொண்டிருந்தீர்கள். தேதி பொய்யென்றால் கதவு திறக்காது. தட்டினேன், சம்பந்தி. ஐந்து. ஆறு, ஏழு, எட்டு.

கவுன் கொஞ்சம் நீளம். தடுக்கப் போகிறது, மடித்துத் தைக்கச் சொன்னேன். “கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுன்னு அம்மா சொன்னாங்க பாட்டி, யாரு fix பண்ணா?” என்று கேட்டாள்.

“நானும் உங்க தாத்தாவும்” என்றேன்.

மறந்துவிடச் சொன்னீர்கள். நீலச் சட்டையும் அந்தச் சொல்லும் அப்படியேதான் இருக்கின்றன. அவற்றை எடுத்துப்போடப் பயமாக இருக்கிறது. அதே இடத்தில்தான் கீழ் அம்பு இரண்டும் இருக்கிறது, மூன்று தோசையும், எனக்காக நீங்கள் நகர்த்திய மாதமும் இருக்கின்றன. ஒன்றை உருவினால் எல்லாம் சரிந்துவிடும். அதனால் உங்கள் மேல் கோபமாகவே இருக்கிறேன், சம்பந்தி. நான் இருக்கும்வரை இருப்பேன்.