வெளியே போய் உட்காரும் விதி

பினாங்கு, 1931 ஆவணி, வெள்ளிக்கிழமை

தூக்கம் வரவில்லை. எங்கள் சேமிப்புச் சங்கத்தில் ஒரு விதி உண்டு. கமிட்டிக்காரர் எவராவது கடன் கேட்டால், அதைப் பேசி முடிக்கும்வரை அவர் வெளியே போய் உட்கார வேண்டும். அவருக்குப் பங்குள்ள கம்பெனி கேட்டாலும் அப்படித்தான்.

இன்று தலைவர் எழுந்து போனார். சுங்கை பாக்காப்பில் அவர் நடத்தும் ரப்பர் தோட்டக் கம்பெனிக்குக் கடன். ரப்பர் விற்கிற விலைக்குப் பால்வெட்டுக் கூலிகூடத் தேறாது. கொடுத்தால் திரும்பி வராது என்று உள்ளே இருந்த எங்கள் மூவருக்கும் தெரியும். கதவுக்கு அப்பால் அவர் செருமிக்கொண்டே இருந்தார். மூவரும் கை தூக்கினோம். நானும்தான். மானங்கெட்ட கை.

அவர் திரும்பி வந்தார்.

"அடுத்தது ஒங்க அண்ணன் கடைக்கு. நீங்களும் அதுல கூட்டுதானே? போய் உக்காருங்க தம்பி, நாங்க பாத்துக்கிறோம்லா."

அந்தக் கடன் கிடைக்காவிட்டால் திங்கட்கிழமை கடைக்குப் பூட்டு. எழுந்து போனேன்.

வாசலில் பால்காரி முனியம்மாக்கா நின்றிருந்தார். மகள் கல்யாணத்துக்கென்று சங்கத்தில் சிறுகச் சிறுகப் போட்டு வந்தவர்.

"தம்பி, நாளைக்கு வந்து காச எடுத்துக்கலாமா? பத்திரமாத்தானே இருக்கு?"

"இருக்குக்கா. வாங்க."

இரண்டு கடனும் போனால் சங்கத்துப் பெட்டி காலி என்று தெரிந்தேதான் சொன்னேன். காலையில் அவர்தான் முதல் ஆளாக வந்து நிற்பார். நான் சங்கத்துக்குப் போகாமலே இருந்துவிடலாமா? எந்த முகத்தோடு போவேன்?

முனியம்மாக்கா போனதும் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். தலைவர் உட்கார்ந்திருந்த சூடு அதில் இன்னும் ஆறவில்லை.