அப்பா முன்பக்கம் தூக்கிய வண்டி

அன்பு மகள் கெல்சிக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நாயும் சுகம். அங்கே ஆஸ்திரேலியாவில் சுரங்க வேலையும் வெயிலும் உன்னை வாட்டாமல் நீயும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே முதல் பனி விழுந்து மறுநாளே கரைந்துவிட்டது, வாசல் முழுக்கச் சேறு, துடைத்துத் துடைத்து எனக்கு இடுப்பு விட்டுப்போகிறது. நீ அனுப்பிய செய்திக்குப் போனில் பதில் சொல்லாமல் ஏன் கடிதம் எழுதுகிறேன் என்றால், போனை எடுத்தாலே அப்பா பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஸ்பீக்கரில் போடச் சொல்வார். பக்கத்துப் பண்ணை டுவைட் உனக்கு எழுதியதையும், அதைப் படித்துவிட்டு அப்பாவிடமிருந்து வண்டிச் சாவியை வாங்கி வைத்துவிடு என்று நீ எனக்கு எழுதியதையும் அவர் காதுபட எப்படிப் பேசுவது. டுவைட் மேல் எனக்கு இன்னும் கோபம் தீரவில்லை. வேலியைத் தாண்டி வந்து என்னிடம் சொல்ல முடியாத மனுஷன் கடலைத் தாண்டி உன்னிடம் சொல்லியிருக்கிறார்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன், பொறுமையாகப் படி. மாடுகளை விற்றதிலிருந்து அப்பா முகம் கொடுத்துப் பேசாமல் இருந்தார் அல்லவா, திடீரென்று ஒருநாள் பிக்கப் வண்டியைச் சமமாக்கப் போகிறேன் என்று கிளம்பினார். நம் வண்டிக்குப் பின்பக்கம் தூக்கலாகவும் முன்பக்கம் தாழ்வாகவும் இருக்கும், பின்னால் சுமை ஏறினால் சரியாகிவிடும், உனக்குத் தெரிந்ததுதான். "இனிமே எந்த மாட்டை ஏத்தப் போறோம், எதுக்கு இது புல்லு மேயற மாதிரி மூஞ்சியைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்கணும்" என்றார். முன் ஸ்பிரிங்குகளுக்கு மேலே வைக்க இரண்டு இரும்பு வளையங்களை வாங்கிவந்து, ஷெட்டில் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, தானே மாட்டினார். டார்ச் பிடிக்கிற வேலை எனக்கு. போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும் என்று தாளில் போட்டிருந்ததை என்னைத்தான் படிக்கச் சொன்னார், கண்ணாடியை வீட்டிலேயே வைத்துவிட்டாராம். அதன்பிறகு டவுனில் நோரீனுடைய டயர் கடைக்குப் போய் நாலு பெரிய டயர் போட்டுக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் மட்கார்டின் உள்பக்கத்தில் உரசுகிறது என்று நோரீன் அங்கேயே பிளாஸ்டிக்கைக் கத்தியால் செதுக்கி, அலைன்மென்ட்டும் பார்த்துக் கொடுத்தாள். வண்டி பார்க்க நன்றாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் சர்ச்சுக்குப் பாவாடை கட்டிக்கொண்டு அதில் ஏறுகிற பாடு எனக்குத்தான் தெரியும். டயர் போடுகிற இரைச்சலில் ரேடியோவும் கேட்பதில்லை, பெட்ரோலையும் முன்னைவிட அதிகமாகக் குடிக்கிறது.

அதற்குப் பிறகு சாயங்காலம் வெளியே போய் வரும்போதெல்லாம் அப்பா ஒரே சந்தோஷம். எதிரே வருகிறவர்கள் எல்லாம் லைட்டைப் போட்டுப் போட்டு அணைக்கிறார்களாம். "சர்க்கரை ஆலைக்குக் கிழங்கு ஏத்திப் போற லாரிக்காரன்கூட லைட்டு அடிச்சான் லொரெட்டா, நம்ம வண்டிக்கு ஊரே சலாம் போடுது, நானும் பதிலுக்குப் பெரிய லைட்டைப் போட்டுக் காட்டினேன்" என்பார். நானும் ஒரு மக்கு, மனுஷன் மறுபடி சிரிக்கிறாரே என்று நம்பிக்கொண்டு சூப்பை ஊற்றிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மட்டும் சேறும் சகதியுமாக வந்தார். டுவைட்டின் பேத்தி, போன மாதம் லைசென்ஸ் வாங்கியவள், மான் குறுக்கே பாய்ந்து காரைப் பள்ளத்தில் இறக்கிவிட்டாள், சங்கிலி கட்டி இழுத்துவிட்டு வருகிறேன் என்றார். பெண்ணுக்கு ஒரு கீறல்கூட இல்லை, கடவுள் புண்ணியம்.

அப்புறம்தான் உன் செய்தி வந்தது. எதிரே வந்த வெளிச்சத்தில் கண் கூசித்தான் பேத்தி பள்ளத்தில் இறங்கினாள், அது உன் அப்பா வெர்னுடைய வண்டி, அந்த மனுஷனுக்கு வயதாகிவிட்டது என்று டுவைட் எழுதியதைப் படித்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மறுநாள் நேராக நோரீனிடம் போய்க் கேட்டேன். "மூக்கைத் தூக்கினா லைட்டும் மேலே பாக்குமே அக்கா, சுவத்துல அடிச்சுப் பாத்து இறக்கிவிடுங்கன்னு அன்னிக்கே அவர்கிட்ட சொன்னேனே" என்றாள். எனக்கு உயிர் வந்தது. குறை லைட்டில்தான், ஆளிடம் இல்லை என்று துள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து சொன்னேன். அப்பா எழுந்து ஷெட்டுக்குப் போனார். ஸ்குரூடிரைவரை எடுத்துவந்து, பொழுது மங்குகிற நேரத்தில் களஞ்சியக் கதவுக்கு எதிரே வண்டியை நிறுத்தி, நான் சாக்பீசால் கோடு போட, ஒவ்வொரு லைட்டாகத் திருகி இறக்கினார். சாவியும் வேண்டாம் பூட்டும் வேண்டாம், உன் வேலையைப் பார் என்று உனக்கு ஒரு கடிதம் எழுத அப்போதே மனசுக்குள் வாசகம் எல்லாம் தயார் செய்துவிட்டேன். நல்லவேளை எழுதவில்லை.

அடுத்த நாள் சாயங்காலம் சர்ச்சில் விருந்து. உருளைக்கிழங்கும் சீஸும் போட்டுச் சுட்ட தட்டை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருக்க, அவர் ஓட்டினார். எதிரே வந்த ஒருவரும் லைட் அடிக்கவில்லை. பாருங்கள், உங்களை இப்போது யாருமே மதிக்கவில்லை என்று கிண்டல் செய்தேன், சிரிக்கவில்லை. வண்டி மெதுவாகிக்கொண்டே போனது. கல்யாணமான நாளிலிருந்து நாங்கள் திரும்புகிற சர்ச் திருப்பத்தைத் தாண்டிப் போய்விட்டார். நான் சொன்னதும் ஓரமாக நிறுத்தினார். எஞ்சினை அணைக்கவில்லை. "எனக்கு ரோடு தெரியல லொரெட்டா" என்றார். பிறகு அவராகவே சொன்னார்: "லைட்டு மேலே அடிச்சப்ப ரோட்டோர போர்டாவது தெரிஞ்சுது. உசரமா உக்காந்தா, வெளிச்சம் தூரமா விழுந்தா பாத்துக்கலாம்னுதான் வண்டியையே தூக்கினேன். நோரீன் சொன்னது மறக்கல. அவங்க யாரும் சலாம் போடலன்னு ரெண்டாவது நாளே தெரியும். அந்தப் பொண்ணு பள்ளத்துல எறங்கினப்ப மான் எதுவும் வரல, நான்தான் வந்தேன்."

அந்த இடத்தில் எனக்கு அவரை அடிக்கலாம் போல ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது கெல்சி. ஒரு சின்னப் பெண்ணின் உயிர். இத்தனை வருஷம் பக்கத்தில் படுத்துத் தூங்குகிறவளிடம் கண் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்ல முடியாதா. எல்லாவற்றையும் கேட்டுவிட்டேன். அவர் இறங்கி, வண்டியைச் சுற்றிவந்து என் பக்கத்துக் கதவைத் திறந்து, தட்டை வாங்கிக்கொண்டு, "நீ ஓட்டு" என்றார். விருந்துக்குப் போனோம், சாப்பிட்டோம், வீட்டுக்கும் நான்தான் ஓட்டிவந்தேன். மறுநாள் காலையில் தானே டுவைட் வீட்டுக்கு நடந்துபோய் அந்தப் பெண்ணிடமும் டுவைட்டிடமும் உள்ளதைச் சொல்லிவிட்டு வந்தார். காபி கொடுத்தார்களா என்று கேட்டேன். "குடுத்தாங்க, உக்காருன்னு சொல்லத்தான் கொஞ்ச நேரமாச்சு" என்றார். டாக்டரிடமும் போய் வந்தோம். இரண்டு கண்ணிலும் புரை, ஜனவரிக்கு மேல் ஒவ்வொன்றாக ஆபரேஷன், பெரிய விஷயம் இல்லை, பகலில் ஓட்டலாம், பொழுது சாய்ந்தால் கூடாது என்றார். அதனால் நீ சாவியைப் பற்றிக் கவலைப்படாதே. இங்கே இப்போது சீக்கிரமே இருட்டிவிடுகிறது, நாலு மணியானால் அவரே சாவியை ஆணியில் மாட்டிவிடுகிறார்.

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்யும்போது இதையெல்லாம் நீயாக எடுக்காதே. டயர் எப்படி என்று கேள், ஆசையாகச் சொல்வார். கண்ணைப் பற்றி அவர் சொன்னால் கேட்டுக்கொள், அன்றைக்கே சொன்னேனே என்று மட்டும் சொல்லிவிடாதே. வேலை வேலை என்று காலைச் சாப்பாட்டை விடாதே, நீ சொன்ன தலைவலி நிற்காவிட்டால் நீயும் ஒருமுறை கண்ணைக் காட்டிக்கொள். கடவுள் உனக்குத் துணையாக இருக்கட்டும், நீ தொட்டதெல்லாம் நன்றாக நடக்கட்டும்.

ஒன்று மறக்காதே. கிறிஸ்மஸுக்கு நீ எப்போதும் வருகிற ராத்திரி விமானம் இந்தமுறை வேண்டாம். பகலில் வந்து இறங்குகிற மாதிரி டிக்கெட் எடு. இது நான் சொல்வதல்ல. உன்னை அழைத்துவர அவர்தான் ஓட்டிக்கொண்டு வர வேண்டுமாம், அதனால் எழுதச் சொன்னார்.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்
அம்மா
லொரெட்டா